இடுப்பு என்று எதைச் சொன்னேன்

கொத்தனார் புதிதாகப் பூசிய காப்பிக் களத்தின் மேல் ரசமட்டத்தை வைத்துவிட்டு, குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முழ நீளக் கட்டை, நடுவில் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் மட்டம், ஒதுங்கினால் மட்டமில்லை. அன்றைக்கு அது ஒதுங்கி நின்றது. அந்த நேரம் பார்த்து, காப்பிப் பழம் பறித்துவிட்டு மேலிருந்து இறங்கிய அக்கா ஒருவர் களத்தோரம் வந்து மூட்டையைத் தொப்பென்று போட்டார். இரண்டு கையையும் முதுகின் அடியில் ஊன்றிக்கொண்டு, வயிறு முன்னால் தள்ள, முகம் வானத்தைப் பார்க்க, அப்படியே நின்றார். நான் குமிழியைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். மறுபடி குமிழியைப் பார்த்தேன்.

ஆளுக்கும் ஒரு மட்டம் உண்டு, அது இடுப்பில் இருக்கிறது, இந்த அக்காவுக்கு அது ஒதுங்கிவிட்டது. இவ்வளவுதான் தோன்றியது. இவ்வளவு தோன்றியதே போதும் என்று நினைத்தது என் முதல் தப்பு.

எனக்கு எதுவுமே தோன்றாமல் இருப்பது நல்லது என்பது என் அண்ணனின் கட்சி. அவர் நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ரைட்டர், ஆட்களின் பேரும் கணக்கும் எழுதுகிறவர். நான் சேலத்தில் இரண்டு வருஷம் ட்ரெயினிங் முடித்துவிட்டு, அதே எஸ்டேட்டின் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்து இது இரண்டாவது வருஷம். வந்த புதிதில் பெட்டியில் தேனீ வளர்க்கப் பார்த்தேன். அப்புறம் ஆரஞ்சுத் தோலில் மை காய்ச்சப் பார்த்து, சோற்றுப் பானை ஒன்றைத் தீய்த்தேன். அதனால் சாப்பிடும்போது நான் சும்மா இருந்தாலே அண்ணன் நிமிர்ந்து பார்த்து, இந்த வாரம் என்ன என்று கேட்பார். அன்றைக்கும் கேட்டார். இடுப்பு என்றேன்.  அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு எழுந்துவிட்டார்.

ட்ரெயினிங்கில் டிரில் வகுப்பு என்றால் நான்தான் முதல் வரிசை. 'அட்டென்ஷன்' என்றதும் மார்பு முன்னால், வயிறு உள்ளே, முகவாய் மேலே. 'இடுப்பில் கை' என்றதும் முப்பது பேர் கையும் ஒரே சத்தத்தோடு போய் இடுப்பில் நிற்கும். நேராக நிற்பவனுக்கு நோயில்லை என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். நானும் நம்பினேன், இன்னும் பாதி நம்புகிறேன்.

உடல்நூல் பாடமும் உண்டு. சுவரில் எலும்புக்கூட்டுப் படம் தொங்கும். மண்டையோட்டு எலும்புகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். விலா எலும்பு பன்னிரண்டு ஜோடி. ஆனால் தொப்புளுக்குக் கீழிருந்து பாதித் தொடை வரைக்கும் அந்தப் படத்தின் மேல் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. பெண்பிள்ளைகள் படிக்கிற இடம், யாரோ கூச்சப்பட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டால் காகிதத்துக்குப் பின்னால் இரண்டு முறத்தைச் சேர்த்து வைத்த மாதிரி ஒன்று நிழலாகத் தெரியும். முதுகெலும்பு அதன் மேல் வந்து உட்காருகிறது, தொடையெலும்பு இரண்டும் அதிலிருந்து இறங்குகின்றன என்று ஊகித்து வைத்திருந்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதும் அப்போது தெரியாது.

அந்த அக்காவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய பெண்கள் இரண்டு பேரும் என்னிடம்தான் படிக்கிறார்கள், ஒருத்தி இரண்டாம் வகுப்பு, ஒருத்தி நாலாம் வகுப்பு. கணவர் மூன்று வருஷத்துக்கு முன் மலைக்காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு, வேலையாட்களுக்கு எஸ்டேட் கொடுக்கிற லைன் வீடு அக்காவின் பேரில் நிற்கிறது. சின்னவள் பிறந்ததிலிருந்து முதுகின் அடியில் பிடிப்பு. கம்பவுண்டர் கொடுத்த தைலம் வாசனையாக இருக்கிறதே தவிர வேறொன்றும் செய்யவில்லை.

இங்கே பழம் பறிக்கிறவர்கள் சாக்கை மடித்து, கயிறு கோத்து, வயிற்றுக்கு முன்னால் கட்டிக்கொள்வார்கள். அதற்குப் பேர் மடி. பறிக்கப் பறிக்க மடி நிறையும், நிறைய நிறைய முன்னால் இழுக்கும். விழாமல் இருக்க ஆள் பின்னால் சாய வேண்டும். காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் அக்கா அப்படித்தான் சரிவில் நின்றார். இதை நான் தினமும் பார்த்தேன். கணக்கு வாத்தியார் பலகையில் விடையை எழுதி வைத்துவிட்டுப் போன மாதிரி எதிரிலேயே இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

கீழ்ச்சரிவில் பறிப்பு பொங்கலோடு முடிகிறது. பொங்கல் கழிந்த திங்கட்கிழமை மேல்காட்டில் பறிப்பு ஆரம்பம். மேல்காடு செங்குத்து. ஏற முடியாதவர்களுக்குக் கீழே வேறு வேலை இல்லை, வேலையில்லாதவர்களுக்கு லைன் வீடு இல்லை. ஆட்களை வேலைக்கு விடுகிற மேஸ்திரி இதை எல்லோர் முன்னாலும் வைத்துச் சொன்னார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை என்றாலும் எல்லோரும் அக்காவைத்தான் பார்த்தார்கள். மலையை விட்டு இறங்கினால் கொழுந்தனார் வீடு ஒன்றுதான், அங்கே வாசற்படியில் கூட இடம் தரமாட்டார்கள் என்று அக்காவே சொன்னார்.

நான் அவரிடம் போய், உங்கள் இடுப்பை நேராக்கிவிடுகிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நேராக்கறதுன்னா நேராக்குங்க கண்ணு. கோணலாக்கறதுன்னாலும் ஆக்குங்க. எனக்குத் திங்கக்கெழம மேல்காடு ஏறோணும், அவ்வளவுதான்."

அப்போது பொங்கலுக்கு ஒரு மாசத்துக்கு மேல் இருந்தது. எனக்கு ஒரு வாரமே அதிகம் என்று பட்டது.

சாயங்காலம் அக்கா வேலை விட்டு வந்ததும் வகுப்பறையிலேயே டிரில் ஆரம்பித்தோம். அட்டென்ஷன். மார்பு முன்னால். இடுப்பில் கை. அக்கா கையை வைத்தார். எங்கே வைத்தார் என்று நான் பார்க்கவில்லை, வைத்த வேகத்தைத்தான் பார்த்தேன், அது நன்றாக இருந்தது. குனிந்து கால்விரலைத் தொடுவது, மல்லாந்து படுத்து இரண்டு காலையும் விறைப்பாகத் தூக்குவது, எல்லாம் செய்தார். பின்னால் சாய்கிற பழக்கம் போக வேண்டுமே என்று நான் யோசித்து யோசித்து ஒரு கட்டளை கண்டுபிடித்தேன். எலும்பை, அந்த முறம் மாதிரி இருக்கிறதை, அடியிலிருந்து முன்னால் கொண்டுவந்தால் முதுகு நேராகிவிடும் என்று என் கணக்கு. அதனால், "இடுப்பை முன்னால் கொண்டு வாங்க" என்றேன். கொண்டு வந்தார். நடக்கும்போதும், மடி கட்டிப் பறிக்கும்போதும், தண்ணீர் எடுக்கும்போதும் இதை மறக்கவே கூடாது என்றேன்.

அக்கா மறக்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனுஷி. நாலு நாள் முழுக்க அப்படியே வேலை செய்தார். பள்ளிக்கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. பிள்ளைத்தாய்ச்சி மாதிரி நடக்கிறாளே என்று ஒருத்தி சொன்னதும் காதில் விழுந்தது. படிக்காதவர்கள் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் சின்னவள் மட்டும் வந்தாள். பெரியவள் எங்கே என்று கேட்டேன். அவள் ஸ்லேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "அக்கா அம்மாவப் புடிச்சுக்கிட்டு இருக்குதுங்க டீச்சர். அம்மா உக்காந்தா எந்திரிக்க முடியலீங்க" என்றாள்.

போய்ப் பார்த்தேன். அடுப்புக்கு முன்னால் குந்தியவர் குந்தியபடியே இருந்தார். பெரியவள் பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு பக்கம் பிடித்து, சிறுகச் சிறுகச் சாய்த்துப் பாயில் படுக்க வைத்தோம். அக்கா என்னைத் திட்டவில்லை. நான் சொன்னதில் எதையாவது தப்பாகச் செய்துவிட்டேனா என்று கேட்டார்.  வெளியே வந்து ஆரஞ்சு மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அன்றைக்குப் பிள்ளைகள் என்ன படித்தார்கள் என்று ஞாபகமில்லை.

அண்ணன் சாயங்காலம் ஒன்றும் கத்தவில்லை. மேஸ்திரி அனுப்புகிற பேரைத்தான் தான் எழுத முடியும், அனுப்பாத பேரை எழுத முடியாது என்று மட்டும் சொன்னார். பிறகு, "தேனீ கொட்டுச்சுன்னா நம்மளைத்தான் கொட்டுச்சு சாமி. இது அப்படி இல்லை பாரு" என்றார்.

அக்கா எழுந்து நடமாட எட்டு நாள் ஆயிற்று. மேஸ்திரி, வேலைக்கு மட்டம் போடுகிறாள் என்று பேசினார். எனக்கு டிரில் மேல் கொஞ்சம் சந்தேகம் வந்தது. ஆனால் மட்டத்தின் மேல் வரவில்லை. கண்ணால் பார்த்துச் சொன்னதுதான் கோளாறு, அளந்து பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது. கொத்தனாரிடம் போய் ரசமட்டத்தை இரவல் கேட்டேன்.

"எந்தச் செவுத்துக்குங்க டீச்சரம்மா?"

செவுத்துக்கு இல்லை, ஆளுக்கு என்றேன். அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். திரும்பவும் வைத்துக்கொண்டார். பொழுதுக்குள் வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

அக்காவை வகுப்பறையில் நிற்க வைத்து, வயிற்றின் இரண்டு பக்கமும் முன்னால் துருத்துகிற எலும்பைத் தொட்டுத் தேடிக் கண்டுபிடித்து, அதன் குறுக்கே ரசமட்டத்தைப் பிடித்தேன். குமிழி ஒரு பக்கமாக ஓடியது.  திரும்பவும் பிடித்தேன், திரும்பவும் ஓடியது. இடது பக்கம் தாழ்வு. இடது கால் கட்டை என்று முடிவு கட்டி, கோணிச் சாக்கை மடித்து இடது பாதத்தின் அடியில் வைத்தேன். குமிழி நடுவுக்கு வந்து நின்றது. எவ்வளவு சந்தோஷம்! செருப்புத் தைக்கிறவரிடம் ஒற்றைச் செருப்புக்கு மட்டும் தடித்த அட்டை வைத்துத் தரச் சொல்லலாம் என்று அக்காவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அக்கா செருப்பே போடுவதில்லை. அதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம் என்றேன்.

அப்போது கொத்தனார் தன் ரசமட்டத்தைத் தேடிக்கொண்டு வந்தார். வாசலில் நின்று, அக்கா சாக்கின் மேல் ஒற்றைக் காலை வைத்து நிற்பதைப் பார்த்தார். ரசமட்டத்தை வாங்கி, அக்கா நின்ற இடத்துத் தரையில் வைத்தார். குமிழி அதே பக்கம், அதே அளவு ஓடியது.

"ஏனுங்க, இந்தத் தரைக்கு வாட்டம் வெச்சதே நாந்தானுங்க. தண்ணி ஊத்திக் களுவுனா வாசலுக்கு ஓடோணுமில்லீங்க?"

தரை சரிவு. அதை நான் ஒரு வருஷமாகக் கழுவிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் வாசலுக்குத்தான் ஓடும். அப்படியென்றால் களத்திலும் அன்றைக்குக் குமிழி ஒதுங்கி நின்றதே என்று கேட்டேன். அங்கேயும் மழைத்தண்ணீர் வடிய வேண்டும், அதற்கு வாட்டம் வைத்துக்கொண்டிருந்தேன், குமிழி ஒதுங்கி நின்றால்தான் சரி என்றார். கீழே வைத்த கால் எங்கேயும் மட்டமாக நிற்க இந்த மலையில் இடமே கிடையாது, துரை பங்களாவில் வேண்டுமானால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

 குமிழியைப் பார்த்துத்தானே எல்லாம் ஆரம்பித்தது? குமிழி தப்பு இல்லை என்றால் அக்காவும் தப்பு இல்லையா? அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? அக்கா அதற்குள் சாக்கிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்திருந்தார். சிரித்தால் முதுகு பிடிக்கிறது, பிடித்தாலும் சிரிப்பு நிற்கவில்லை.

"மேஸ்திரி நான் மட்டம் போடறங்கறாரு. டீச்சரம்மா எனக்கு மட்டமே இல்லீங்கறீங்க. நான் எதைத்தாங்க போடறது?"

சிரித்த சிரிப்பில் அவர் கை தானாகப் போய் முதுகின் அடியைப் பிடித்துக்கொண்டது. இடுப்பு வலிக்கிறதா என்று கேட்டேன். இடுப்பு வலிக்கவில்லை, குறுக்குதான் வலிக்கிறது என்றார். எனக்கு ஏதோ தட்டியது. இடுப்பு எது, காட்டுங்கள் என்றேன். சேலைக் கொசுவத்துக்குப் பக்கத்தில், மடிக்கயிறு கட்டுகிற இடத்தில், வயிற்றின் மேல் கையை வைத்தார். பின்பக்கம் வலிக்கிற இடம் குறுக்கு. பக்கவாட்டில் பிள்ளையைத் தூக்கி வைக்கிற இடம் ஒக்கல். தொடை வந்து சேருகிற இடம் சப்பை. ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் காட்டினார், ஊர்ப் பேர் சொல்லி வழி காட்டுகிற மாதிரி.

நான் படித்த தமிழில் இந்த நாலுக்கும் சேர்த்து ஒரே சொல். டிரில் வகுப்பில் இடுப்பு என்றார்கள், நானும் இடுப்பு என்றேன், காகிதம் ஒட்டிய இடம் முழுவதும் எனக்கு இடுப்புதான். அவருக்கு இடுப்பு என்றால் மடி கட்டுகிற இடம். இடுப்பை முன்னால் கொண்டு வா என்றேன். மடி கட்டுகிற இடத்தை முன்னால் கொண்டு வந்தார், அதாவது வயிற்றை. வயிறு முன்னால் போகப் போகக் குறுக்கு இன்னும் வளைந்தது. பின்னால் சாய்கிற மனுஷியை நாலு நாள் இன்னும் பின்னால் சாய்த்து வேலை வாங்கியிருக்கிறேன். அதோடு மார்பை வேறு நிமிர்த்தச் சொல்லியிருக்கிறேன்.

இதைச் சொன்னபோது அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டார். ஆனால் கோபம் இல்லை. அப்ப எதைத்தான் கொண்டு வரச் சொன்னீங்க என்று கேட்டார்.

அதைச் சொல்லத்தான் வார்த்தை கிடைக்கவில்லை. சப்பையை முன்னால் என்றேன், தொடையைத் தூக்கினார். குறுக்கைப் பின்னால் என்றேன், கூன் போட்டார். நானே செய்து காட்டலாம் என்றால் சேலைக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கடைசியில் அவரைப் பாயில் மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, குறுக்குக்கு அடியில் என் கையை நுழைத்தேன். கை தாராளமாக உள்ளே போய் அந்தப் பக்கம் வந்தது. அந்தச் சந்தை மூட வேண்டும், ஆனால் வயிற்றை எக்கக் கூடாது, காலை ஊன்றித் தள்ளக் கூடாது. எப்படிச் சொல்வது?

அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு வேறு பேச்சுப் பேசினார். முந்தின நாள் மேஸ்திரியிடம் போய் நாலு நாள் தவணை கேட்டாராம். அதற்கு மேஸ்திரி, வேலை வேண்டுமானால் வாலைச் சுருட்டிக்கொண்டு இரு என்றாராம்.

"வாலிருந்தா நான் ஏங்க இங்க இருக்கறேன், மரத்து மேலயில்ல ஏறி பளம் பறிப்பேன். இந்தா சுருட்டிக்கிட்டேன் போங்க" என்று, அடி வாங்கிய நாய் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒரு தரம் சுருட்டிக் காட்டினார்.

என் கை நசுங்கியது. குறுக்கு இறங்கி வந்து பாயோடு ஒட்டிக்கொண்டது. கையை எடுக்க முடியவில்லை.

"அதுதான்" என்றேன்.

"எதுங்க?"

"வாலு."

அக்கா திரும்பிப் பார்த்தார். இன்னொரு தரம் சுருட்டினார், விட்டார். சுருட்டினால் கை நசுங்குகிறது, விட்டால் சந்து திறக்கிறது. மடித்த முழங்காலோடு பத்துத் தரம் அப்படிச் செய்தார். முடித்துவிட்டு, பிடிப்பில் ஏதோ ஒன்று தளர்ந்த மாதிரி இருக்கிறது, பொய்யாகக் கூட இருக்கலாம் என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் அன்றைக்கு வீடு வரைக்கும் கிட்டத்தட்ட ஓடினேன்.

அதன் பிறகு தினமும் விடிந்ததும் ஒரு தரம், வேலை விட்டு வந்து ஒரு தரம். ஒரு வாரத்தில் அக்கா பெண்ணைப் பிடிக்காமல் குந்தி எழுந்தார். பத்தாம் நாள் தண்ணீர்க் குடத்தை எடுத்தார். நான் மறுபடியும் ஜன்னலில் நின்று பெருமைப்பட ஆரம்பித்திருந்தேன். அப்புறம்தான் வேலையை ஆரம்பித்தோம், அதாவது ஏற்றத்தை.

வாலைச் சுருட்டியபடியே மேலே ஏறுங்கள் என்றேன். பத்து அடி ஏறினார். கால் தூக்க வரவில்லை, மூச்சு முட்டுகிறது என்று நின்றுவிட்டார். நானும் சுருட்டிக்கொண்டு ஏறிப் பார்த்தேன். உண்மைதான். தொடை பாதியில் நின்றுவிடுகிறது, அரைப்படி ஏறுகிற மாதிரி. சரி, விட்டுவிட்டு ஏறுங்கள் என்றேன். கால் தூக்க வந்தது. முப்பதாவது அடியில் குறுக்கு பிடித்தது.

ஆக, படுத்தால் சரியாக இருப்பது நடந்தால் சரியாக இல்லை. நேராக இருப்பது என்றால் ஒரு இடத்தில் வைத்துப் பூட்டுவது என்றுதான் ட்ரெயினிங்கில் நான் புரிந்துகொண்டிருந்தேன். பூட்டினால் ஏற முடியவில்லை, திறந்து விட்டால் வலிக்கிறது. அப்படியானால் நோகாமல் ஏறுகிறவர்கள் எல்லாம் என்ன செய்கிறார்கள்? அதைப் பார்ப்பதற்காகவே மஞ்சக்குட்டைப் பாதையில் போய் நின்றேன். மலைக்காரப் பெண்கள் தலையில் ராகி மூட்டையோடு வருவார்கள், நிற்காமல் பேசிக்கொண்டே ஏறுவார்கள். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஒருத்தியின் சப்பையும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. ஒரு அடிக்கு ஒரு பக்கம் தாழ்கிறது, மறு அடிக்கு மறு பக்கம். ஊன்றுகிற கால் தள்ளும்போது சற்றே சுருட்டுகிற மாதிரியும் இருந்தது, தூக்குகிற காலுக்கு விட்டுக்கொடுக்கிற மாதிரியும் இருந்தது. நன்றாகப் பார்ப்பதற்குள் சேலை மறைத்துவிடும். இறங்கும்போது முற்றிலும் வேறு. அதில் ஒருத்தி திரும்பி, தன் சேலையில் என்ன ஒட்டியிருக்கிறது என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ரைட்டர் தங்கச்சி ஜனங்களின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு திரிகிறதாமே என்று கேட்டார். ஆமாம் என்றேன். பார்த்து என்ன தெரிந்தது என்றார். தெரியவில்லை என்றேன். அவர் அப்படி ஒரு பதிலை என்னிடம் இதற்கு முன் கேட்டதில்லை. பிறகு, திங்கட்கிழமை பேர் எழுதுகிற மேல்காட்டு வாசலில் மேஸ்திரியோடு தானும் நிற்பதாகச் சொன்னார். 

இன்று சனிக்கிழமை. பொங்கல் கழிந்துவிட்டது. அக்கா எங்கள் வீட்டுப் படியில் வந்து நின்றபடியே கேட்டார்.

"சுருட்டிக்கிட்டு ஏறறதுங்களா, உட்டுட்டு ஏறறதுங்களா? ஒண்ணு சொல்லுங்க கண்ணு. நான் அது மாதிரி பண்ணிக்கறேன்."

சொன்னபடி செய்து ஐந்தாம் நாள் எழ முடியாமல் கிடந்தவர் மறுபடியும் என்னிடமே வந்து கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை அக்கா என்றேன். டீச்சருக்குமா தெரியாது என்று அவர் கேட்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன். இரண்டு பேரும் யோசித்தோம். சொல்லப்போனால் அவர்தான் யோசித்தார். மடி முன்னாலேயே இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது, நிறையும்போது பக்கவாட்டில் ஒக்கலுக்குத் தள்ளிக்கொண்டால் என்ன என்று கேட்டார். அதையும் நான் இதுவரை யோசிக்கவில்லை. தள்ளினால் நல்லதா, ஒரு பக்கமாக இழுத்து வேறு வினை வருமா, அதுவும் தெரியவில்லை.

நாளை ஞாயிறு, வேலை இல்லை. காலையில் பனி விலகியதும் இரண்டு பேரும் மேல்காடு ஏறுகிறோம். இந்த முறை கட்டளை எதுவும் கிடையாது. முதலில் மடியில் பழம் நிரப்பி என் வயிற்றில் கட்டிக்கொண்டு நான் ஏறுவேன், அக்கா பின்னால் வந்து என் குறுக்கில் கையை வைத்து, எந்த அடியில் வளைகிறது, எந்த அடியில் ஒட்டுகிறது என்று சொல்வார். இரண்டாவது வளைவில் மடியை ஒக்கலுக்கு மாற்றிப் பார்ப்போம். அதற்கு மேல் அவர் முன்னால், நான் பின்னால், என் கை அவர் குறுக்கில். பிடிக்க ஆரம்பித்தால் அந்த அடியிலேயே நின்று, அதற்கு முந்தின அடியை எப்படி வைத்தோம் என்று இறங்கி வந்து திரும்ப வைத்துப் பார்ப்போம். மேல்காட்டு வாசலை எட்டுகிற வரைக்கும்.